திருவிழா வேட்டுக்குப் பதுங்கும் கணவர்

கேள்வி: என் கணவர் பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து, 37 வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. திருவிழாவில் வேட்டுப் போட்டால் சுவரோரம் பதுங்குகிறார்; இரவில் மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறார்; ராணுவக் கேன்டீன் ரம் இல்லாமல் தூக்கம் இல்லை. ‘இங்கே எனக்கு யாருமில்லை’ என்கிறார். மாமனார் கரைவலைச் சம்மாட்டி; கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் பெருவலையின் உரிமையாளர். வீட்டில் குறையேதும் இல்லை. ஊரார் கிறுக்கு என்கிறார்கள். இதற்கு மருத்துவம் உண்டா?
– வாசகி, தொண்டி அருகே

பதில்: உண்டு. இது கிறுக்கு அல்ல. நேரில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பவை பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோயின் அறிகுறிகளாகவே தெரிகின்றன. ஆண்டுக்கணக்கில் காவலிலேயே பழகிய மூளை, ஆபத்து நீங்கிய பிறகும் காவலை விட மறுக்கிறது.

ஆனால் ‘யாருமில்லை’ என்று அவர் சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். காலாட்படையில் ஒரு செக்‌ஷன் என்பது பத்துப் பேர். ஒருவர் உறங்க மற்றொருவர் விழித்திருக்கும் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவரை, விடுப்பில் வந்தபோதெல்லாம் ஓடிவந்து பெட்டியைத் தூக்கிய ஊர் (பெட்டிக்குள் இருந்த புட்டிக்காகவும்தான்), இப்போது ‘பென்ஷன் வருகிறது, உனக்கென்ன’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆகவே அவரைக் கணக்கு எழுத உட்காரவைக்காமல், விருப்பமிருந்தால் கரைவலைக் கயிற்றில் ஓர் ஆளாக நிறுத்தி, மற்றவர்களுக்கு உரிய பங்கையே அவருக்கும் கொடுக்கும்படி மாமனாரிடம் சொல்லுங்கள்.

இது மருந்துக்கு மாற்று அல்ல. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். அவற்றோடு, அந்த நினைவுகளை முறையாகப் பேசிக் கடக்கும் உளவியல் சிகிச்சையும் தேவை. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்ட (இ.சி.எச்.எஸ்.) அட்டை இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தராதீர்கள். ரம்மோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும்.

புட்டியை ஒளித்துவைத்து ஒரே நாளில் குடியை நிறுத்தவும் முயலாதீர்கள். நாள்தோறும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும். சாவைப் பற்றி அவர் பேசினால் தனியே விடாமல், எந்த நேரமானாலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.