கேள்வி நேரம்: துறைமுகத் தகராறில் அமைச்சர் வந்து உட்கார்ந்தால்

(பதில் சொல்பவர் சென்னை ஹார்பரில் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க்காக இருந்தவர், சங்க வேலையும் பார்த்து ஓய்வு பெற்றவர்.)

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: 2024-இல் கனடாவில் துறைமுகங்கள் மூடிக் கிடந்தபோது தொழிலாளர் அமைச்சர் தலையிட்டு எல்லோரையும் வேலைக்குத் திருப்பினார். அதே ஆண்டு நம் துறைமுக வேலைநிறுத்தமும் தொடங்குவதற்கு முதல் நாளே நின்றது. இரண்டு அமைச்சர்களும் செய்தது ஒன்றுதானா?

இல்லை. கனடாவில் தகராறு தனியார் முதலாளிகளுக்கும் சங்கங்களுக்கும் இடையில். நவம்பர் 4-ஆம் தேதி மேற்குக் கரையில் கதவடைப்பு, 10-ஆம் தேதி மான்ட்ரியலில் கதவடைப்பு. இரண்டு இடத்திலும் கேட்டைப் பூட்டியது முதலாளிகள் என்பதைக் கவனியுங்கள். 12-ஆம் தேதி அமைச்சர் ஸ்டீவன் மெக்கின்னன் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 107-ஆம் பிரிவைக் கையில் எடுத்து, வேலையைத் தொடங்க வைக்கவும் தகராறை நடுவர் தீர்ப்புக்கு விடவும் தொழில் உறவு வாரியத்துக்கு உத்தரவிட்டார். நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. பூட்டினால் அமைச்சர் ஓடி வருவார் என்று தெரிந்துவிட்டால், எந்த முதலாளி பேச்சில் இறங்கி வருவார்?

நம் கதைக்கு வருவோம். இங்கே பெரிய துறைமுகங்களுக்கு முதலாளியே மத்திய அரசு. அதோடு அவை பொதுப் பயன்பாட்டுச் சேவை என்பதால் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தத்தில் இறங்க முடியாது. 2024-இல் நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. வேலைநிறுத்த நோட்டீஸ், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் தொழிலாளர் துறைச் சமரச அதிகாரியின் கைக்குப் போன நாளிலேயே சமரசப் பேச்சு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பேச்சு நடக்கும் வரையிலும், முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஆக, இறங்குகிறோம் என்று கொடுத்த நோட்டீஸே இறங்க விடாமல் பிடித்து வைத்தது.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்கிறீர்களா? சென்னை ஹேடோஸ் ரோட்டில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் சாஸ்திரி பவனில் நிர்வாகம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். வாக்குவாதமெல்லாம் சீக்கிரம் ஓய்ந்துவிடும். மினிட்ஸ் எழுதத்தான் நேரம் போகும். "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று அவர்கள் எழுதச் சொல்வார்கள். எத்தனை நாளுக்குள் என்று எழுதாமல் எங்கள் தலைவர் பேனாவைத் திறக்க மாட்டார். டீ ஏடு கட்டிக் கிடக்கும். சமரச அதிகாரி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பாவம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அவருடைய தொழிலாளர் துறையும் மத்திய அரசு, எதிரே இருக்கும் நிர்வாகத்துக்கு மேலுள்ள கப்பல் துறையும் மத்திய அரசு. டெல்லியில் தலையசைத்தால்தான் இங்கே பேனா ஓடும்.

2024-இல் நடந்ததும் அதுதான். பழைய சம்பள ஒப்பந்தம் 2021 டிசம்பர் 31-உடன் முடிந்தது. புதியதைப் பேசுவதற்கான குழு அதற்கு முன்பே அமைத்தாயிற்று. இரண்டரை வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தார்கள். ஆகஸ்ட் 28 முதல் வேலைநிறுத்தம் என்று தொழிற்சங்கச் சம்மேளனங்கள் தேதி குறித்த பிறகு, 27-ஆம் தேதி அமைச்சர் சர்பானந்தா சோனோவால் தலையிட, உடன்பாடு கையெழுத்தாயிற்று. அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதப் பஞ்சப்படியைச் சேர்த்து, அதன் மேல் 8.5 சதவீத உயர்வு. 2026 டிசம்பர் 31 வரை செல்லும். இதைத் தலையீடு என்றே எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்தவரை, கடைசி நாளில் முதலாளியே நேரில் வந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதை ஒரு வருஷம் முன்னால் செய்திருக்கலாம்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 14 நாள் நோட்டீஸ் எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. மற்றவர்கள் பதறுகிறார்கள். ஹார்பர்காரனுக்கு இது பழகிப்போன சங்கதி.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: அமெரிக்க அதிபரால் துறைமுக வேலைநிறுத்தத்தை நிறுத்த முடியுமாமே, பைடன் ஏன் செய்யவில்லை?

முடியும். டாஃப்ட்-ஹார்ட்லி சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போய் 80 நாள் நிறுத்தி வைக்கலாம். 2002-இல் மேற்குக் கரையில் முதலாளிகள் கதவடைத்தபோது அப்போதைய அதிபர் புஷ் அதைத்தான் செய்தார். 2024 அக்டோபரில் கிழக்குக் கரைத் தொழிலாளர்கள் இறங்கியபோது பைடன் அதைத் தொட மறுத்தார். அடுத்த மாதம் தேர்தல் வேறு. கப்பல் கம்பெனிகள் கூடுதலாகத் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே நெருக்கினார். மூன்றே நாளில், ஆறு வருஷத்தில் 62 சதவீத உயர்வுக்கு ஒப்புக்கொண்டார்கள். சும்மா இருப்பதும் ஒரு தலையீடுதான், தம்பி.

ராயபுரம் வாசகி: என் மகன் தனியார் கன்டெய்னர் முனையத்தில் கான்ட்ராக்டர் கீழே, கப்பலில் கன்டெய்னரைக் கட்டும் லாஷிங் வேலை பார்க்கிறான். அந்த 8.5 சதவீதம் அவனுக்கும் உண்டா?

இல்லை அம்மா. அது துறைமுக நிர்வாகத்தின் சொந்த ஊழியர்களுக்கு. சென்னையில் கன்டெய்னர் வேலை 2001-இலிருந்தே தனியார் கைக்குப் போகத் தொடங்கிவிட்டது. கப்பல் மேல் ஏறிக் கம்பியை முறுக்குகிற பிள்ளைகள் பலர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. அமைச்சர் தலையிட்டார் என்று பேப்பரில் வரும்போது அவர்கள் பெயர் அதில் இருக்காது.

ஆனால் ஒன்று: பெரிய துறைமுகத்துக்குள் நடக்கும் தகராறு, கான்ட்ராக்ட் ஆளுடையதாக இருந்தாலும், மத்திய அரசின் பொறுப்பு. மாநிலத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். நாலு பேராகச் சேர்ந்து, சங்கத்தின் மூலமாக சாஸ்திரி பவனில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் கேட் பாஸ் நகலாவது கையில் இருக்கட்டும்.