எஃகில் வெட்டிய விளம்பரம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாகத் தபால்தலை சேர்க்கிறேன். அண்மையில் போஸ்டர் ஸ்டாம்ப் எனப்படும் பழைய விளம்பர வில்லைகளின் மேல் ஆசை வந்திருக்கிறது. அதிலும் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை என்றால் விடுவதில்லை. பொருட்காட்சி, கப்பல் கம்பெனி, தபால்தலைக் கண்காட்சி என்று கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. பழைய கவர்களில் ஒட்டியிருந்தவற்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டேன். இனி இவற்றை நாடுவாரியாக அடுக்குவதா, பொருள்வாரியாக அடுக்குவதா? "இது தபால்தலையே இல்லை, வெறும் லேபிள்" என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். பிற்காலத்தில் மதிப்பு ஏறுமா? இன்னொன்று, ஒரு சாதாரண அறிவிப்புக்கு எதற்காக இவ்வளவு நுணுக்கமான வேலை என்பதும் விளங்கவில்லை.

கே.

அன்புள்ள கே.,

கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். நீங்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் கொஞ்சகாலமாக அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

மதிப்பு ஏறுமா என்பதைப் பங்குத்தரகர் யாரிடமாவது கேளுங்கள்.

நண்பர்கள் சொல்வது சரிதான், இது தபால்தலை இல்லை. இருந்துவிட்டுப் போகட்டுமே! டென்மார்க்கில் ஐனர் ஹோல்பல் என்று ஓர் அஞ்சல் ஊழியர் இருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் குவியும் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வில்லையைக் கூடுதலாக ஒட்டவைத்தால் காசநோய்க் குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1904ல் அரசி லூயிசின் உருவத்தோடு வெளிவந்த அந்த வில்லை முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்குமேல் விற்றது. அதை வைத்து ஒரு கடிதத்தைக்கூட அனுப்ப முடியாது. சிரிக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது சொல்லாதீர்கள். சேகரிப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனால் அந்த வெந்நீர்! படித்ததும் உங்கள் மேல் உண்மையாகவே கோபம் வந்தது. தபால்தலைக்குப் பட்டியல் உண்டு, வெளியான நாள் உண்டு, அரசு ஆவணம் உண்டு. இந்த வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எதுவும் கிடையாது. பாதி வில்லையிலும் பாதி கவரிலுமாக விழுந்த அஞ்சல் முத்திரை ஒன்றுதான் அதன் பிறப்புச் சான்று. எந்த ஊரில், எந்த நாளில், யார் அதை எடுத்து ஒட்டினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. கவர்களை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது. போதாக்குறைக்கு, அக்காலத்துச் சில சாயங்கள் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். பளபளப்புப் பூச்சுள்ள தாளும், பொன்தூள் தூவிய ஜெர்மன் வில்லைகளும் நனைந்தால் தேறாது. இனிமேல் கவரோடு வருவது கவரோடே இருக்கட்டும். வைக்கும் உறை பிவிசியாக இருக்கவேண்டாம், பாலியெஸ்டர் வாங்குங்கள்.

இனி அந்தக் கடைசி வரி.

இப்படி எஃகில் செதுக்கி அச்சிடுவது விளம்பரத்துக்காக வந்த முறை அல்ல, கள்ளத்தனத்தைத் தடுக்க வந்தது. அமெரிக்கரான ஜேக்கப் பெர்கின்ஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். மென்மையான எஃகில் படத்தை வெட்டு, அதைச் சூடேற்றிக் கடினமாக்கு, அதன்மேல் ஒரு மென்எஃகு உருளையை அழுத்தி உருட்டிப் படத்தை எடு, அந்த உருளையையும் கடினமாக்கி அதைக்கொண்டு தகட்டில் எத்தனை முறை வேண்டுமோ அத்தனை முறை பதி. ஒரு மனிதன் ஒரே ஒருமுறை வெட்டியது ஆயிரக்கணக்கில் அச்சு அசலாகப் பிறக்கும். அவனைத் தவிர வேறு யாராலும் அதே கோட்டை வெட்ட முடியாது. 1840ன் பென்னி பிளாக் இப்படி வந்ததுதான். ரூபாய் நோட்டும் பங்குப்பத்திரமும் இப்படித்தான் வந்தன. முகத்தை வெட்டுபவர் ஒருவர், எழுத்தை வெட்டுபவர் இன்னொருவர், பின்னணியின் சுழல்வலையைப் போடுவது ஓர் இயந்திரம். ஒருவரே முழுவதையும் கள்ளமாகச் செய்துவிட முடியாதபடி வேலையையே பிரித்து வைத்திருந்தார்கள்.

ஆக, திருடனுக்கு எதிரான ஒரு கோட்டை இது. கண்காட்சி நடக்கும் நாளைச் சொல்லும் ஒரு தாளை எந்தத் திருடன் கள்ள அச்சடிப்பான்?

விளம்பரத்துக்கு லித்தோ எனப்படும் கல்லச்சு போதும். போதும் என்ன, அதுதான் பொருத்தம். 1914க்கு முந்தைய சில ஆண்டுகளில் ஜெர்மனியில் விளம்பர வில்லைப் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. லுட்விக் ஹோல்வைன், லூசியன் பெர்ன்ஹார்ட் போன்ற சுவரொட்டிக் கலைஞர்களின் ஆக்கங்கள் வில்லைகளாகவும் வந்தன. அகன்ற வண்ணப் பரப்புகள், தடித்த எழுத்து, ஒரே ஒரு பொருள். குழந்தைகள் கடைகளில் வாங்கி ஆல்பத்தில் ஒட்டினார்கள். அதெல்லாம் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கச் செய்த கலை. செதுக்கு வில்லையை அப்படிப் பார்த்தால் ஒரு மங்கிய கறை மட்டும் தெரியும். லென்ஸை வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது, எல்லாம் கோடுதான். கன்னத்தில் குட்டைக்கோடுகளும் புள்ளிகளும், நிழலில் குறுக்குக்கோடுகள், அந்தக் கோடுகளுக்கு நடுவே விழும் சின்னச் சாய்சதுரங்களில் ஒவ்வொரு புள்ளி.

இதற்கு வணிக விளக்கம் ஒன்று உண்டு. இவற்றை அச்சிட்டவர்கள் பெரும்பாலும் ரூபாய் நோட்டு அச்சகத்தார். தபால்தலைக் கண்காட்சிக்கு வருகிறவர் கையில் லென்ஸோடு வருகிறவர். அவருக்கு அச்சகம் தன் திறமையைக் காட்டும் மாதிரித்தாள் அது. சரியான விளக்கம்தான். எனக்குத்தான் போதவில்லை. மாதிரியைக் காட்ட ஒரு பூமாலையும் ஒரு முகமும் போதுமே, அந்த முகத்தின் காதுமடல் நிழலுக்குள் எதற்கு நாற்பது கோடு?

அச்சோவியம் செய்யும் நண்பர் ஒருவரின் பட்டறையில் ஒருமுறை உளியை வாங்கிப் பார்த்தேன். எஃகுகூட இல்லை, வெறும் செம்பு. ஒரு வளைகோடு போடுங்கள் என்றார். உளியைத் திருப்பினேன், அது வழுக்கிக்கொண்டு ஓடியது. "உளியை ஏன் சார் திருப்புறீங்க? தகட்டைத் திருப்புங்க" என்றார். தகட்டுக்கு அடியில் மணல் அடைத்த தோல்பை. வலக்கை உளியை ஒரே கோணத்தில் தள்ளிக்கொண்டிருக்க, இடக்கை தகட்டைச் சுழற்றிக் கொடுக்கிறது. ஏர் மண்ணைப் புரட்டுவதுபோல் முன்னால் ஒரு செம்புச் சுருள் எழுந்து வருகிறது. கோடு அகலவேண்டுமென்றால் ஆழம் கூடவேண்டும். எல்லாம் இடவலம் மாறி வேறு. ஒரு கோடு பிசகினால் அந்த இடத்தைச் சுரண்டி, பின்புறமிருந்து சுத்தியால் தட்டி மேடாக்கி, மெருகேற்றி, மறுபடி வெட்டவேண்டும். அவர் பேசிக்கொண்டே ஒரு இலையை வெட்டி முடித்தார். யாருக்கு என்று கேட்டேன். யாருக்கும் இல்லை, உங்களுக்குக் காட்டத்தான், என்று அதையும் ஒழுங்காக நரம்பு பிரித்து வெட்டியிருந்தார்.

என் விளக்கம் அங்கிருந்து வருகிறது. அந்தக் கைக்கு மட்டமாக வெட்டத் தெரியாது. பணத்தாளுக்கு ஒரு கோடு, விளம்பரத்துக்கு ஒரு கோடு என்று அதனிடம் இரண்டு கோடுகள் இல்லை. போலந்தில் 1921ல் பிறந்து ஸ்வீடனில் வாழ்ந்த தபால்தலைச் செதுக்குக் கலைஞர் செஸ்வாஃப் ஸ்வானியாவைப் பாருங்கள். 2000ல் அவருடைய ஆயிரமாவது தபால்தலை வெளிவந்தது. அந்த மனிதர் வேலை நேரம் போக குத்துச்சண்டை வீரர்களின் முகங்களைத் தபால்தலை அளவில் செதுக்கினார். அந்தத் தாள்களுக்குத் தபால் மதிப்பு எதுவும் இல்லை. அஞ்சல்துறை கேட்கவில்லை, அவருக்கு வெட்டவேண்டியிருந்தது. உங்கள் வில்லைகளை வெட்டியவர்களில் மிகப் பலருடைய பெயர்கூட மிஞ்சவில்லை. அச்சகத்தின் பெயர் அடியில் பொடியெழுத்தில் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. ஸ்வானியாவைத் தேடி வாங்குகிறவர்கள் இவர்களை நாடு, பொருள் என்று பிரித்து மூடிவைப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

முதலில் எது உண்மையாகவே செதுக்கியது என்று பாருங்கள். பழைய செதுக்குப்படத்தைப் புகைப்படமெடுத்து, தட்டையாக மசி படியும் ஆஃப்செட் அச்சில் அடித்தாலும் கோடு கோடாகத்தான் தெரியும், பலர் இதில் ஏமாறுகிறார்கள். ஈரத்தாளைத் தகட்டின் பள்ளங்களுக்குள் அழுத்தித்தான் செதுக்குப்படத்தை அச்சிட்டார்கள். அதனால் மசி மேடாக நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். மெல்லிய அலுமினியத் தாளை மேலே வைத்து விரலால் மெதுவாகத் தடவினால் கோடுகள் அதில் பதியும். அழுத்தித் தேய்த்துவிடாதீர்கள்.

தேறியவற்றைக் கைவாரியாக, அதாவது வெட்டிய கை எது என்று பார்த்து, அடுக்குங்கள். ரூபாய் நோட்டு அச்சகங்கள் வெட்டிவைத்த ரயில், கப்பல், ஆலை, சக்கரத்தில் சாய்ந்த பெண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, ஒரே படத்தை ஒரு வங்கியின் நோட்டிலும் ஒரு சுரங்கக் கம்பெனியின் பங்குப்பத்திரத்திலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். உங்கள் வில்லையிலுள்ள படம் வேறெங்கோ நூறு டாலருக்குக் காவல் நின்றிருக்கலாம். கப்பல் கம்பெனி வில்லையிலிருந்து தொடங்குங்கள். அதே அச்சகத்தின் பழைய பங்குப்பத்திரங்களில் அந்தக் கப்பலைத் தேடுங்கள். கொடியையும் பெயர்ப்பலகையையும் நம்பாதீர்கள், அவற்றை எளிதில் மாற்றிவிடலாம். அலைகளை ஒப்பிடுங்கள். கிடைத்தால் இரண்டையும் ஒரே அளவில் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள்.