முதல் நாளே தெரியுமா? (கடிதம்)

வணக்கம்.

உங்கள் நாவலை, நித்யா-கதிர் கதையை, இரண்டே இரவில் படித்து முடித்தேன். முக்கால்வாசி நாவல் ரொம்பப் பிடித்திருந்தது. ஆறு வருட நட்பு, அவளுக்கு வேலை போனபோது அவன் கூட இருந்தது, நடுவில் மூன்று மாதம் பேசாமல் இருந்தது எல்லாமே நம்பும்படி இருந்தன. ஆனால் கடைசி அத்தியாயத்தில் கதிர், "உன்னை முதல் நாள் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்" என்கிறான். அங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அப்படியென்றால் ஆறு வருடம் நண்பனாக நடித்தானா? ஆணும் பெண்ணும் வெறும் நண்பர்களாக இருக்க முடியாது என்பவர்களுக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டதே. இன்னொன்று, கடைசியில் ஒரு பின்கதை, எபிலாக், ஏன் இல்லை?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

எபிலாக்கை முதலில் முடித்துவிடுகிறேன், சின்ன விஷயம். எழுதினேன். கல்யாணம், குழந்தை, பழைய கூட்டாளிகள் என்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து போட்டோ எடுத்த மாதிரி இருந்தது. தூக்கிவிட்டேன்.

இனி கதிர். முதல் வரைவில் அவன் நிஜமாகவே முதல் நாளிலிருந்து காதலித்தான். எழுதுவதற்கு அது வசதி. ஒருதலைக் காதல் உள்ளே இருந்தால் எந்தக் காட்சியிலும் தவிப்பு தானாக வந்துவிடும், நாம் மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் திரும்பப் படித்தபோது ஒரு காட்சி உறுத்தியது. நித்யாவுக்கு வேலை போன இரவு. கதிர் வருகிறான், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுடைய ரெஸ்யூமைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்துகிறான். நாவலிலேயே எனக்குப் பிடித்த இடம். மனதில் காதலை வைத்துக்கொண்டுதான் அதைச் செய்கிறான் என்று தெரிந்து படித்தால் அந்த உதவி முதலீடு போல ஆகிவிடுகிறது. வட்டியோடு எப்போது கேட்பான் என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. அந்த வரைவைக் கலைத்தேன். இப்போதுள்ள நாவலில் அந்த இரவு கதிரிடம் காதல் கிடையாது. தூக்கக் கலக்கம்தான்.

சரி, அப்போது இல்லாத காதல் எப்போது வந்தது? வழக்கமான வழி, மூன்றாவது ஆள் ஒருவரைக் கொண்டுவந்து பொறாமையைக் கிளப்புவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொறாமை நண்பர்களுக்கும் நன்றாகவே வரும்.

குறுந்தொகையில் 229ஆம் பாட்டு, மோதாசனார் எழுதியது. சின்ன வயதில் அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுக்கிறான், அவள் அவன் தலைமயிரைப் பற்றி இழுக்கிறாள், செவிலித்தாயர் விலக்கியும் விடாத சண்டை. அதே இருவர் இன்று இணைத்துத் தொடுத்த மாலை போலச் சேர்ந்து போகிறார்கள். வழியில் பார்த்தவர்கள் ஊழைப் பாராட்டுகிறார்கள், பாட்டு முடிந்துவிடுகிறது. நடுவில் நடந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கவிஞருக்கு அந்தச் சலுகை உண்டு. நாவல் எழுதுகிறவருக்கு அந்த நடுப்பகுதிதான் பிழைப்பே.

நடுப்பகுதியைக் காட்டுவது கபிலரின் கலித்தொகைப் பாட்டு, 51. மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய பயல் வளர்ந்து வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். கொண்டு போனவளின் கையைப் பிடிக்கிறான். (இதை இன்று நான் எழுதினால் நீங்களே விட மாட்டீர்கள். அது வேறு.) அவள் பதறி அம்மாவைக் கூப்பிட்டுவிடுகிறாள். அம்மா ஓடி வந்ததும், "தண்ணீர் குடிக்கும்போது விக்கினான்" என்கிறாள். பாவம் அம்மா, அவன் முதுகை நீவிவிடுகிறாள். காதல் பிறந்த இடம் அந்தப் பொய். வாயிலிருந்து வந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கும்.

எனக்கும் அந்த அளவில் ஓர் இடம் தேவைப்பட்டது. பதினெட்டாம் அத்தியாயத்தின் ஃபோன் காட்சி அதற்காக எழுதியது. ஆறு வருடமாக நித்யாவின் அழைப்பை கதிர் "சொல்லுடி" என்றுதான் எடுப்பான். அன்று "சொல்லு" என்கிறான். 'டி' வரவில்லை. நித்யா ஒரு நொடி பேசவில்லை. அப்புறம், "உடம்பு சரியில்லையா?" என்கிறாள். "இல்லையே, ஏன்?" "சும்மா கேட்டேன்." அவளும் 'டா' போடாமலேயே பேசி முடிக்கிறாள். எதற்காகக் கூப்பிட்டாளோ அதைச் சொல்லாமலே வைத்தும் விடுகிறாள். இத்தனை நாள் யோசிக்காமல் எடுத்துக்கொண்ட உரிமையை இனிமேல் கேட்டு வாங்க வேண்டுமோ என்ற கூச்சம் இரண்டு பேருக்கும். அடுத்த இரண்டு அத்தியாயங்கள் டா, டி இல்லாமல் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்து அவதிப்படுகிறார்கள். இதுவரை வந்த கடிதங்களில் யாருமே இதைப் பற்றி எழுதவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு ஏன் கதிர் அந்த வசனத்தைச் சொன்னான்? காதல் வந்ததும் எல்லோரும் பழைய கணக்கைத் திருத்தி எழுதுகிறார்கள். அவன் ஆறு வருடம் நடிக்கவும் இல்லை, இப்போது தெரிந்தே பொய் சொல்லவும் இல்லை. அந்த நிமிஷம் அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆணும் பெண்ணும் நண்பர்களாக இருக்க முடியுமா என்ற வழக்குக்கு நான் சாட்சி இல்லை. இந்த இரண்டு பேருக்கு நடந்தது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் தப்பு நடந்திருக்கிறது, அது என்னுடையது. அவன் சொன்னதைக் கேட்டு நித்யா கண் கலங்கி நிற்பதாக எழுதிவிட்டேன். அவள் மறுக்காததால் நாவலே அதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் புத்தகத்தை மூடியதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த பிறகு முதல் அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். முதல் நாளிலிருந்து இரண்டு வாரம் கதிர் அவளை 'வித்யா' என்றே கூப்பிட்டிருக்கிறான். எழுதிய எனக்கே மறந்துபோயிருந்தது, நித்யா மறந்திருக்க மாட்டாள். அடுத்த பதிப்பில் அவன் அந்த வசனத்தைச் சொன்னதும் அவள் கண் கலங்கப் போவதில்லை.

"பொய் சொல்லாதடா. ரெண்டு வாரம் என் பேரையே தப்பாக் கூப்பிட்டே."