ஆபரேஷனுக்கு முன்னாடி டிரமடால்

கேள்வி: அப்பாவுக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. ஒரு வருஷமா வலிக்கு டிரமடால் போடுறார், டாக்டர்கிட்ட சொல்லணுமா?
- வாசகி, மதுரை

பதில்: கண்டிப்பா சொல்லுங்கம்மா, மயக்க டாக்டர்கிட்டயும். அது ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்யுற வலி மருந்து, 2018-லயே நம்ம நாட்டுல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்த மருந்து. மாசக்கணக்கா போட்டா உடம்பு பழகிடும், சிலருக்கு நரம்பே வலியை கூட்டிக் காட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு வழக்கமான டோஸ் குடுத்தா வலி அடங்காது, வலி அடங்கலைன்னா எழுந்து நடக்க மாட்டார், ஆஸ்பத்திரியில கூடுதல் நாள் கிடக்கணும். மலச்சிக்கல் வேற, முக்கினா தையல் போட்ட முதுகு உயிர் போற மாதிரி வலிக்கும். அதுக்காக நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வேர்வையும் வாந்தியுமா தூக்கமில்லாம தவிச்சுப் போவார். டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். தூக்க மாத்திரையும் போடுறாரா? ரெண்டும் சேர்ந்தா மூச்சே அடங்கிடலாம், அதையும் மறைக்காம சொல்லிடுங்க.