கொழும்பு ஃபிளாட்டில் கம்பளியும் சாயமும் ஊசியும்

கேள்வி: கொழும்பில் இருந்துகொண்டு ஃபெல்ட் (கம்பளியை ஈரமாக்கித் தேய்த்து இறுக்கிச் செய்யும் துணி) செய்வது, துணிக்குச் சாயம் போடுவது, அதன்மேல் கையால் தைப்பது இவற்றையெல்லாம் பொழுதுபோக்காகச் செய்து பார்க்க முடியுமா? கம்பளிக்கு எங்கே போவது? எதிலிருந்து தொடங்கலாம்?

முடியும். வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட் ஒன்றில், குசினியையும் ஒரு சின்ன பல்கனியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வருசமாகச் செய்துவருகிறேன். கேட்கிற எல்லோரும் கம்பளியைத்தான் முதலில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். இப்போது யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வேன்: சாயத்தில் தொடங்குங்கள், கம்பளி கடைசியாக வரட்டும்.

யூடியூபில் நாம் பார்க்கும் ஃபெல்ட் வேலைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் செய்வது. அவர்களுக்குக் கம்பளி பக்கத்துப் பண்ணையில் கிடைக்கும். நம் யாழ்ப்பாணத்துச் செம்மறியின் உடம்பில் இருப்பது மயிர், ஃபெல்ட் ஆகும் கம்பளி அல்ல. ஆனால் சாயத்துக்கு வேண்டியதெல்லாம் இந்த நகரத்துக்குள்ளேயே, ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது.

புறக்கோட்டையில் கபோஸ் லேன் என்று ஒரு ஒழுங்கை உண்டு. ஆயுர்வேத மருந்துச் சரக்குக் கடைகள் வரிசையாக இருக்கும். சாயம் போடுபவருக்கு அதுதான் கடைத்தெரு. கடுக்காய் கேளுங்கள், சிங்களத்தில் அரளு என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேருக்கு வெல்மதட்ட, பதிமுகக் கட்டைக்குப் பத்தங்கி. படிகாரத்தைச் சீனக்காரம் என்று கேட்டாலே போதும். பிறகு அங்கிருந்து நடந்து இரண்டாம் குறுக்குத் தெருப் பக்கம் போனால் வெளுக்காத பருத்தித் துணி யார்க் கணக்கில் வாங்கலாம். புதுத் துணிகூட வேண்டாம். அலுமாரியில் கிடக்கும் பழைய தலையணை உறை, வேட்டித் துண்டு, நைந்த வொயில் சீலை எல்லாம் பலமுறை தோய்த்துக் கஞ்சி போனவை, சாயத்தை நன்றாகக் குடிக்கும்.

அப்புறம் முறை. காய்ந்த துணியை நிறுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் துணி என்று வைப்போம். முதலில் சலவைச் சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணித்தியாலம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். சுத்தமான வெள்ளைத் துணி என்று நினைத்ததிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் அழுக்கு இறங்கும். அது இறங்காவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். பிறகு 20 கிராம் கடுக்காய்த் தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, துணியை அதில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பிழிந்துவிட்டு, அலசாமல், 15 கிராம் சீனக்காரம் கரைத்த தண்ணீரில் சில மணித்தியாலம் வையுங்கள். பருத்தி தனியாகச் சீனக்காரத்தைப் பிடித்துவைக்காது. கடுக்காயின் துவர்ப்புத்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது. கம்பளிக்கும் பட்டுக்கும் கடுக்காய் தேவையில்லை, சீனக்காரம் நேரடியாகவே பிடிக்கும்.

இதுவரை செய்தால் துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். இங்கிருந்து எந்தப் பக்கமும் போகலாம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் இரண்டு கிழமை போட்டுவைத்த தண்ணீரில் சில சொட்டை வாளித் தண்ணீரில் கலந்து அந்தத் துணியைத் தோய்த்துப் பாருங்கள். உங்கள் கண்முன்னாலேயே மஞ்சள் சாம்பலாகும், சாம்பல் கறுக்கும். பழைய காலத்து எழுதும் மை உண்டான வழியும் இதுதான். ஆனால் இரும்பு கூடினால் துணி இற்றுப்போகும், அதனால் சொட்டுக் கணக்கு.

வெங்காயத் தோல் ஆரம்பிப்பவருக்கு மிக நல்லது. பம்பாய் வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை மரக்கறிக் கடையில் கேட்டால் ஒரு பை நிறையச் சும்மா தருவார்கள். 2022இல் காஸ் தட்டுப்பாடாக இருந்த மாதங்களில் அடுப்பில் சாயம் காய்ச்ச மனம் வரவில்லை, சோற்றுக்கே காஸ் எண்ணி எண்ணிப் பிடித்த காலம். அப்போது பெரிய கண்ணாடிப் போத்தலில் தோலையும் தண்ணீரையும் சீனக்காரம் ஏற்றிய துணியையும் போட்டு மூடி, பல்கனி வெயிலில் எட்டு நாள் வைத்தேன். எடுத்தபோது செம்பொன் நிறம், அடுப்பில் காய்ச்சியதைவிட ஆழமாக. இன்றைக்கும் வெங்காயத் தோலை வெயிலில்தான் வைக்கிறேன்.

மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நிறம் அள்ளிக்கொண்டு வரும், எதுவும் ஏற்றாமலே பிடிக்கும், ஆனால் வெயிலில் நிற்காது. என் முதல் மஞ்சள் துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். நுரை பட்ட இடமெல்லாம் இரத்தச் சிவப்பாக மாறியது. துணி போய்விட்டது என்று நினைத்துப் பதறி, பிறகு ஒரு தேசிக்காயை வெட்டிப் பிழிந்தேன். சாறு விழுந்த இடம் விழுந்த இடமாக மஞ்சள் திரும்பி வந்தது. காரத்துக்குச் சிவப்பு, புளிப்புக்கு மஞ்சள். அந்த ஐந்து நிமிசத்தில்தான் எனக்கு இந்த வேலையில் பைத்தியம் பிடித்தது என்று நினைக்கிறேன். பதிமுகமும் இப்படித்தான், தேசிக்காய் பட்டால் மஞ்சளுக்கு இறங்கும், சோடா பட்டால் சிவப்பு ஏறும். அதுவும் வெயிலில் மங்கும்.

சிவப்பு நிலைத்து நிற்க வேண்டுமென்றால் மஞ்சிட்டி. எனக்கு இதில் நெடுநாள் ஒரு சிக்கல். எத்தனை முறை போட்டாலும் செங்கல் நிறம்தான் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒருமுறை செய்தபோது நல்ல சிவப்பு விழுந்தது. அதே வேர், அதே சீனக்காரம். வித்தியாசம் தண்ணீர்தான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிற மண், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இந்தச் சிவப்புக்கு அது வேண்டும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் அது குறைவு. இப்போது சாயப் பானையில் ஒரு தேக்கரண்டி சோக்குத் தூள் சேர்க்கிறேன், சரியாக வருகிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டி ஒல்லாந்தர் காலத்தில் பெரிய வியாபாரம் நடந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வேரின் சிவப்பும் மஞ்சிட்டிக்கு உறவுதான். என் குசினியில் நிற்கும் பானைக்கு அப்படி ஒரு பழைய தொடர்ச்சி இருப்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

பத்திக் (மெழுகால் மறைத்து நிறம் போடும் துணி வேலை) சாயம் வாங்கலாமா என்றால், வீட்டில் வேண்டாம் என்பேன். சில வகைகளுக்குக் கோஸ்டிக் சோடா வேண்டும், பிள்ளைகள் நடமாடும் குசினியில் அது சரிவராது. ஆனால் பத்திக்கைப் பார்க்கத் தவறாதீர்கள். எனா டி சில்வா இந்த நாட்டில் அதைக் கலையாக நிமிர்த்தியவர். மாத்தளை அலுவிகாரையில் ஊர்ப் பெண்களோடு அவர் நடத்திய வேலையைப் பற்றித் தேடிப் படியுங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்று கற்க, காலி வீதியில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட் கடையின் கைத்தறித் துணிகளுக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றால் போதும். ஒன்றும் வாங்காமல் பலமுறை நின்றிருக்கிறேன்.

சரி, கம்பளி. எனக்கு வருவது கனடாவில் இருக்கும் சித்தியின் சூட்கேஸில். சீவி நீட்டிய மெரினோ கம்பளி, ஒரு தடவைக்கு 200 அல்லது 300 கிராம். அதனால் ஒவ்வொரு பிடியையும் எண்ணித்தான் எடுக்கிறேன். கம்பளி இழையின்மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் தேய்ப்பும் சேர்ந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று ஊர்ந்து மாட்டிக்கொள்ளும். மாட்டினால் மாட்டியதுதான், பிரிக்க முடியாது. தையலைப் பிரிக்கலாம், சாயத்தின்மேல் சாயம் போடலாம், ஃபெல்ட்டில் திரும்பிப்போக வழியில்லை. கடைசிக்கு வையுங்கள் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழும்பில் கம்பளி உடுக்க ஆளில்லை. அதனால் நான் செய்வது பெரும்பாலும் நூனோ ஃபெல்ட். நூனோ என்றால் ஜப்பானிய மொழியில் துணி. 1990களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில் உருவான முறை. மெல்லிய துணியின்மேல் கம்பளியைப் புகைபோலப் பரப்பி, ஈரமாக்கித் தேய்க்கும்போது இழைகள் துணியின் கண்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பளி சுருங்க, துணி அதனோடு சேர்ந்து சுருக்கம் சுருக்கமாக எழும்பும். காஞ்சிபுரம் பட்டு இதற்கு உதவாது, நெசவு நெருக்கம். அம்மாவின் பழைய வொயில் சீலை அருமையாக உதவியது.

அந்தச் சீலைத் துண்டைச் சொல்கிறேன். பபிள் ராப்பின்மேல் விரித்து, இரண்டு மெல்லிய அடுக்குக் கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, முதலில் உள்ளங்கையால் அழுத்த மட்டும் செய்தேன். அவசரப்பட்டுத் தேய்த்தால் கம்பளி இடம் நகரும். கால்மணித்தியாலம் கழித்துச் சீலையைத் திருப்பிப் பார்த்தால், மறுபக்கத்தில் பூனை மயிர்போல ஒரு மெல்லிய படலம். அதைக் கண்ட பிறகுதான் சுருட்டி உருட்ட வேண்டும், ஒவ்வொரு பக்கமும் நூறு தடவை. கிள்ளிப் பார்த்தால் ஒரு இழையும் தனியே எழும்பக்கூடாது. கடைசியில் சுருங்குவதற்காகத் தரையில் எறிய வேண்டும். முதல் நாள் கீழ்வீட்டு அக்கா என்ன சத்தம் என்று மேலே வந்து விசாரித்தார். இப்போது மடித்த துவாயின்மேல் எறிகிறேன். ஒரு யார் நீளத் துண்டு மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது.

அது காய்ந்த பிறகு தையல். கடுக்காயிலும் மஞ்சிட்டியிலும் நானே சாயம் போட்ட நூலால் வெறும் ஓட்டுத்தையல்தான், வங்காளத்துக் காந்தா வேலைபோல. நூலை இறுக்கினால் ஃபெல்ட்டுக்குள் அமிழ்ந்துவிடும். தளர விட்டால் ஒவ்வொரு தையலும் ஒரு நெல்மணிபோல மேலே கிடக்கும். அம்மா அதைக் கையில் எடுத்து, சீலையின் நீலக் கரை தெரிகிற இடத்தைத் தடவி, மிச்சச் சீலை எங்கே என்று கேட்டார். தங்கைக்கும் ஒன்று வேண்டுமாம்.

பானை, கரண்டி, வடி எல்லாவற்றையும் சாயத்துக்கென்றே தனியாக வையுங்கள், மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். தூள் நிறுக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஃபெல்ட் செய்தால் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் கிடந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பூஞ்சணம் பிடிக்கும், அதனால் நான் பெரிய துண்டுகளை மாசி, பங்குனிக்குத் தள்ளிவைக்கிறேன். அந்துப்பூச்சி கம்பளியைத் தேடி வரும். முடித்த துண்டுகளைக் காய்ந்த வேப்பிலையோடு பருத்திப் பையில் கட்டி, மாதம் ஒருமுறை பிரித்து உதறி வெயில் காட்டுங்கள். ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியில் சுற்றிவையுங்கள், கடற்காற்று ஒரு மாதத்தில் துருப்பிடிக்க வைத்துவிடும்.