கூகுள் ஃபார்ம்ஸில் வகுப்புத் தேர்வு: சரியான விடைக்கும் பூஜ்யம் விழுவது ஏன்?

கேள்வி: நாகர்கோவிலில் எட்டாம் வகுப்புக்குக் கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைத்தேன். சரியாக எழுதிய பிள்ளைகளுக்கும் பூஜ்யம் வருகிறது. ஏன்?

பதில்: குறுவிடைக் கேள்விதான் காரணம். நீங்கள் பதிந்த விடையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் மதிப்பெண் விழும். 'கோதையாற்றின் குறுக்கே உள்ள அணை எது?' என்ற கேள்விக்கு 'பேச்சிப்பாறை' என்று மட்டும் பதிந்திருந்தால், 'பேச்சிபாறை' என ஒற்று விட்டவருக்கும் 'பேச்சிப்பாறை அணை' என எழுதியவருக்கும் மதிப்பெண் கிடைக்காது. விடைக்குறிப்பில் இப்படிப்பட்ட வடிவங்களையெல்லாம் சேருங்கள். ஒற்றுப்பிழையைச் சோதிப்பது நோக்கமில்லை என்றால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வதாக மாற்றிவிடுவதே நல்லது.

விடைகளின் வரிசையைக் கலைக்கும் வசதியை ஒவ்வொரு கேள்வியிலும் தனித்தனியே இயக்க வேண்டும். அப்போது 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை முதல் வரிக்கே போய்விடலாம், பிள்ளைகள் குழம்புவார்கள். அந்த விடையையே தவிருங்கள்.

மதிப்பெண்ணை உடனே காட்டும்படி வைத்தால், முதலில் முடித்தவரின் விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். 'பிறகு வெளியிடு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மின்னஞ்சல் முகவரி சேகரிப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும்.

கூகுள் கணக்கில் உள்நுழைந்து எழுதச் சொல்லுங்கள். குலசேகரம் பக்கம் மழையில் சிக்னல் போனாலும், அதே இணைப்பைத் திரும்பத் திறந்தால் அதுவரை சேமிக்கப்பட்டவை இருக்கும்.

ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக 30 நிமிடம் ஓடும் கடிகாரம் இதில் இல்லை. அது கட்டாயம் வேண்டுமென்றால் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளுக்கு மாறுங்கள். அங்கே நேரம் முடிந்ததும் விடைத்தாள் தானாகவே சமர்ப்பிக்கப்படும்படி அமைக்கலாம்.