ஐயரிடம் கேளுங்கள்: ஊழிய அழைப்பு

தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) 34 வருஷம் சேகரம், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரம், பார்த்த ஐயர் நான். எங்கள் பக்கம் ஐயர் என்றால் குருவானவர். அதில் 11 வருஷம், குருத்துவத்துக்கு ஆள் தெரிந்தெடுக்கும் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். கர்த்தர் ஒருவரை ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கு, கூப்பிடுகிற அழைப்பைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்க. சேகரக் கமிட்டி எலெக்‌ஷனுக்கு மட்டும் பதில் கிடையாது.

நாசரேத் பக்கம், 24 வயது: ஸ்தோத்திரம் ஐயா. ஒரே மாசத்துல ஏசாயா 6:8, "இதோ, அடியேன் இருக்கிறேன், என்னை அனுப்பும்"ங்கிற வசனம், மூணு தடவை வந்துச்சு. கன்வென்ஷன்ல, காலண்டர்ல, நண்பன் அனுப்பின மெசேஜ்ல. மில் வேலையை விட்டுடலாமா?

முதலில் அந்த ராஜினாமா கடிதத்தைக் கிழித்துப் போடுங்க தம்பி. காலண்டர் வசனம் தெருவில் எல்லா வீட்டுக்கும்தான் வருகிறது.

கர்த்தர் உங்களைக் கூப்பிடவில்லை என்று நான் சொல்லவில்லை. வேதத்தில் சிறுவன் சாமுவேலுக்குச் சத்தம் கேட்டது, யார் சத்தம் என்று தெரியவில்லை. மூன்று தடவையும் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று கண்டுகொண்டது கண் மங்கிப்போன அந்தக் கிழவர். அந்தியோகியா சபையிலும் பர்னபாவும் சவுலும் (பவுல்தான்) தாங்களாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. சபை உபவாசித்து, கை வைத்து அனுப்பியது. உங்களுக்கு ஏலி யார்? சபையில் யாராவது ஒருத்தர், நீங்கள் கேட்காமலே, "நீ ஊழியத்துக்குப் போகலாமே" என்று சொல்லியிருக்கிறார்களா?

ஒரு நேர்காணலில் ஒரு தம்பி தரிசனம், சொப்பனம் என்று அரை மணி நேரம் சொன்னார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் உண்டு. "உங்க சபையில இப்போ படுக்கையில கிடக்கிறவங்க யார் யார்?" என்று கேட்டார். தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பி.காம். முடித்து வங்கியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மழைக்காலம். எங்கள் ஊர் உபதேசியாருக்கு (ஐயருக்குக் கீழே சபையைக் கவனிக்கிறவர்) காய்ச்சல், ஐயர் வெளியூரில். ஒரு அடக்க ஆராதனைக்கு உபதேசியார் ஜெபப் புத்தகத்தை என் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். கல்லறையில் புத்தகம் நனைந்து இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டே வாசித்து முடித்தேன். யாரும் கவனிக்கவில்லை. இறந்தவருடைய மனைவி மட்டும், "நாளைக்கும் வந்து ஜெபம் பண்ணுவியாய்யா?" என்று கேட்டார். அந்த மாசம் முழுக்கப் போனேன். "இவனை அனுப்புங்க" என்று ஐயரிடம் சொன்னது உபதேசியார்தான். அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம் வங்கியில்தான் இருந்தேன்.

திருச்சி: குருவானவர் ஆக என்ன வழி?

உங்கள் சேகரத் தலைவரிடம் போங்க. அவரும் கமிட்டியும் பரிந்துரைக்க வேண்டும். பிறகு திருமண்டல (பல சேகரங்கள் சேர்ந்தது) நேர்காணல், அதன் தலைவரான பேராயரின் சம்மதம். அப்புறம் இறையியல் கல்லூரி. தமிழில் படிக்க மதுரை அரசரடியில் இருக்கும் இறையியல் கல்லூரி, ஆங்கிலம் என்றால் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி. இரண்டு இடத்திலும் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. (இறையியல் இளங்கலை) பட்டம்தான். முடித்து வந்த பிறகு பயிற்சிக் காலம், டீக்கன் (குருவுக்கு முந்தின படி), அதற்கும் பிறகே குருப்பட்டம். மூன்று மாதத்தில் 'ரெவரெண்டு', ஆறு மாதத்தில் 'டாக்டர்' என்று பட்டம் தருகிறவர்களிடம் பணம் கட்டாதீங்க.

கோவை: சம்பளம் எவ்வளவு?

குடும்பம் நடக்கும். கார் கனவு வேண்டாம்.

கன்னியாகுமரி, சகோதரி: பெண்களுக்கு அழைப்பு உண்டா?

உண்டு. நம் திருச்சபையில் 1976-லேயே முதல் பெண் குருவானவர் அபிஷேகம் பெற்றார். 2013-ல் ஆந்திராவில் நந்தியால் திருமண்டலத்துக்குப் பெண் பேராயரே வந்துவிட்டார். "பொம்பளைக்கு எதுக்கு அங்கி" என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு வருஷத்தையும் சொல்லுங்க.

வேளாங்கண்ணி: நான் கத்தோலிக்கன். குருமடத்தில் சேர...

உங்கள் பங்குத்தந்தையைப் பாருங்கள். அவர்கள் முறை வேறு, நான் உளறக் கூடாது.

மதுரை, எம்.எஸ்சி. மாணவன்: பிறந்தப்போ எனக்கு மஞ்சள் காமாலை. பிழைச்சா ஊழியத்துக்குக் கொடுக்கிறேன்னு அம்மா பொருத்தனை, அதான் நேர்ச்சை, பண்ணிட்டாங்க. எனக்கு அதுல நாட்டமே இல்ல. மீறினா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு.

பயந்து வருகிறவரை நாங்கள் எடுப்பதில்லை. சாமுவேலின் அம்மா அன்னாளும் பொருத்தனை பண்ணினாள்தான். ஆனால் பிள்ளையைச் சீலோ ஆலயத்தில் கொண்டுபோய் விட்ட பிறகும், கர்த்தர் அவனைப் பெயர் சொல்லித் தனியாகக் கூப்பிட்டார். அம்மாவின் பொருத்தனை அம்மாவுடைய ஜெபம். உங்கள் அழைப்பு ஆகாது.

சாயர்புரம், ஒரு தாயார்: ஐயரே இப்படிச் சொல்லலாமா? பொருத்தனையைச் செலுத்தத் தாமதிக்காதேன்னு பிரசங்கி 5:4-ல இருக்கே! என் மூத்தவனைக் கொடுத்தேன், இன்னைக்கு மிஷனரியா இருக்கான்.

ஸ்தோத்திரம் அம்மா. அவர் மனசோடுதானே போனார்? பிரசங்கி பேசுவது பொருத்தனை பண்ணினவரிடம். மகன் அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தார்.

சென்னை: யெப்தாவும்தான், ஜெயிச்சு வந்தா வீட்டிலிருந்து முதல்ல எதிரே வர்றதைப் பலியிடறேன்னு பண்ணின பொருத்தனையைச் செலுத்தினான். எதிரே வந்த மகள் கதி என்னாச்சு?

சாயர்புரம்: யெப்தாவோட எங்களைச் சேர்க்காதீங்க தம்பி!

இருவரும் கொஞ்சம் பொறுங்க. லேவியராகமம் 27-ஐ எடுங்க. ஆளைப் பொருத்தனை பண்ணினால் அதற்கு மதிப்புப் போட்டுப் பணமாகச் செலுத்த நியாயப்பிரமாணமே வழி வைத்திருக்கிறது. 20 முதல் 60 வயது ஆணுக்கு 50 வெள்ளிச் சேக்கல், பெண்ணுக்கு 30. மனுஷர் அவசரத்தில் வாயை விடுவார்கள் என்று கர்த்தருக்குத் தெரியாதா?

சென்னை: அது பழைய ஏற்பாடு ஐயா.

அன்னாள் எந்த ஏற்பாடு?

ஓசூர்: சொப்பனத்தில் வெள்ளை அங்கி போட்டிருந்தேன். வேலையை...

விடாதீங்க. முதல் பதிலைப் பாருங்க.

பெங்களூர், ஐ.டி.: முழுநேர ஊழியத்துக்கு வரணும்னு பாரம். நோட்டீஸ் கொடுத்துடட்டுமா?

மேலே இரண்டு தடவை சொல்லியாச்சு. வெள்ளாளன்விளை அசரியா 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்நின்றபோது அவருக்கு அங்கி கிடையாது, ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1909-ல்தான் குருப்பட்டம்; 1912-ல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். பவுலும் கொரிந்துவில் கூடாரம்தான் தைத்தார். சனிக்கிழமை உங்கள் சபையில் போய், ஓய்வுநாள் பாடசாலையில் (ஞாயிறு பள்ளி) சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்க.

மதுரை, எம்.எஸ்சி. மாணவன்: ஐயா, இதையெல்லாம் அம்மாக்கு வாசிச்சுக் காட்டினேன். அந்த 50 சேக்கல் இப்போ எவ்வளவுன்னு கேக்குறாங்க.

ஒரு சேக்கல் ஏறக்குறைய 11 கிராம். அரைக் கிலோ வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே வரும். 8-ஆம் வசனத்தையும் வாசிச்சுக் காட்டுங்க: இயலாதவருக்கு ஆசாரியன் அவர் திராணிக்குத் தக்கபடி மதிப்பைக் குறைக்கலாம். போனை அம்மாவிடம் கொடுங்க, நான் பேசுகிறேன்.